ஓடப் போகிற பிள்ளைக்கு என்ன வாங்க வேண்டும்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஓடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள். இல்லாவிட்டாலும் சீனி வருத்தத்துக்காக நடக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரு விஷயம் இருக்கிறது.

போன கிழமை பாடசாலை விட்ட பிறகு ஒரு வாப்பா கேற்றடியில் எனக்காகக் காத்து நின்றார். கடல் தொழில் செய்பவர். மகன் பத்தாம் தரம். இல்ல விளையாட்டுப் போட்டியின் மரதனில் இரண்டாவதாக வந்தவன், வலயத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். மனுசன் சுற்றி வளைக்காமல் கேட்டார்:

“சேர், முப்பதாயிரம் ரூபாச் சப்பாத்து இல்லாட்டி ஓட ஏலாதாம், மெய்யா? கடையில சொல்றாங்க. இவன்ட உம்மா தன்ட தோட்டை அடகு வைக்கச் சொல்றா. வைக்கவா?”

வைக்க வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பதை விளக்கத்தான் இந்தப் பதிவு. அவர் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார். கேட்காமலே அடகு வைப்பவர்களும், கேட்காமலே “உனக்கு ஓட்டமும் வேணாம் ஒண்டும் வேணாம்” என்று பிள்ளையை நிறுத்துபவர்களும் நம்மூரில் நிறையப் பேர்.

நான் உடற்கல்வி ஆசிரியர் அல்ல, கணிதம் படிப்பிக்கிறவன். எட்டு வருசமாகச் சுபஹுக்குப் பிறகு ஓடுகிறேன். 21.1 கிலோமீற்றர் அரை மரதன் மூன்று தடவை முடித்திருக்கிறேன். வேகமெல்லாம் கிடையாது, முடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒலிம்பிக்கில் ஓடும் மரதன் 42.195 கிலோமீற்றர். நம் பாடசாலைகளில் மரதன் என்று சொல்வது ஊரைச் சுற்றி வரும் சில கிலோமீற்றர் ஓட்டம். ஆனால் அந்தச் சில கிலோமீற்றருக்குத் தயாராகும் பிள்ளை கிழமைக்கு இருபது, முப்பது கிலோமீற்றர் ஓட வேண்டிவரும். ஆகவே போட்டி நாளுக்கு என்ன போடுவது என்பதை விட, இந்த ஓடிப் பழகும் நாட்களுக்கு என்ன போடுவது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் காலில் இறங்கும் பாரம் நம் உடல் நிறையின் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் ஆயிரம் அடி. ஐம்பது கிலோ நிறையுள்ள பையன் ஐந்து கிலோமீற்றர் ஓடினால், ஒவ்வொரு காலும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைச் சுமார் 2500 தடவை வாங்குகிறது. காபட் வீதி கொஞ்சமும் விட்டுக் கொடுக்காது. அந்தப் பாரத்தில் ஒரு பங்கைச் சப்பாத்தின் நடுவில் இருக்கும் மெத்தைப் படை வாங்கிக் கொள்கிறது. கையில் காசு கொஞ்சம்தான் என்றால் அதைச் சப்பாத்தில் போடுங்கள். மற்றதில் பெரும்பாலானவை வீட்டிலேயே இருக்கின்றன.

வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து காலைக் கூட்டத்துக்கும் உடற்கல்விப் பாடத்துக்கும் போதும். அதன் அடி மெல்லிய கட்டி றப்பர், மெத்தை என்று எதுவும் இல்லை. கிழமைக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் அதில் ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நோகத் தொடங்கும். உதைபந்தாட்ட பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீதியில் ஓடுகிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். அந்தக் குமிழ்கள் புல்லில் பிடிப்பதற்கு, தாரில் அவை பாதத்தைக் குத்தும். பெருநாளைக்கு வாங்கிய மொத்த அடிச் சப்பாத்து பார்க்க அழகு, ஓடினால் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி.

அடுத்தது கொப்பிச் சப்பாத்து. பெரிய கம்பனி அடையாளம் போட்டு, அசல் மாதிரியே நிறம், பெட்டியும் அதே மாதிரி. வாப்பாவுக்கு முப்பதாயிரம் சொன்னதும் இப்படி ஒன்றைத்தான். கடைக்காரர் “ஒலிம்பிக்கில் ஓடுறவங்க போடுறது” என்றாராம். 2019 இல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் மரதன் தூரத்தை ஓடி முடித்ததைப் பார்த்திருப்பீர்கள். அவர் போட்டிருந்தது உள்ளே காபன் தகடு வைத்த, மொத்தமான நுரை அடியுள்ள சப்பாத்து. அந்த வகை ஓட்டத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று உலகமே சண்டை பிடித்து, 2020 இல் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் வீதி ஓட்டச் சப்பாத்தின் அடி 40 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது என்று விதி போட்டது. அதன் அசல் நம்மூர்க் கடையில் முப்பதாயிரத்துக்கு வர வழியே இல்லை. அசலே கிடைத்தாலும் அது போட்டி நாளுக்கானது, பழகும் பிள்ளைக்கு அல்ல. கொப்பியில் இருப்பது அந்தத் தோற்றம் மட்டும்தான்.

எது நல்லது என்று கையாலேயே பார்க்கலாம். சப்பாத்தின் பக்கவாட்டில் அந்த மெத்தைப் படையைப் பெருவிரலால் அழுத்துங்கள். கொஞ்சம் உள்ளே போய் உடனே மேலே வர வேண்டும். கல்லுப் போல் இருந்தால் வேண்டாம். பஞ்சு மாதிரி அமுங்கி அப்படியே நின்றாலும் வேண்டாம். முன்னையும் பின்னையும் பிடித்து மடித்துப் பாருங்கள். விரல்கள் மடிகிற இடத்தில் மடிய வேண்டும், நட்ட நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். குதிக்காலைப் பிடிக்கும் பின்பகுதி கொஞ்சம் விறைப்பாக நிற்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் தையல் முடிச்சு எங்காவது குத்துகிறதா என்று தடவிப் பாருங்கள். கடையில் குத்துவது ஐந்தாவது கிலோமீற்றரில் இரத்தம் வரவைக்கும்.

எந்தப் பெயர் என்று கேட்காதீர்கள். உள்ளூர்க் கம்பனிகளும் இப்போது ஓட்டத்துக்கென்று சப்பாத்து செய்கின்றன. காலுக்குப் பொருந்திய உள்ளூர்ச் சப்பாத்து, பொருந்தாத வெளிநாட்டுச் சப்பாத்தை விட எத்தனையோ மேல்.

பொருந்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். எதியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 இல் றோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்ற கதையைப் பிள்ளைகள் எல்லாம் கேட்டிருப்பார்கள். “அவர் வெறுங்காலோடு ஓடினார், உனக்கென்ன சப்பாத்து” என்று சொல்கிற பெரியவர்களையும் எனக்குத் தெரியும். அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அங்கே கொடுத்த புதுச் சப்பாத்து காலுக்குச் சரிவராததால்தான் அதைக் கழற்றினார். வெறுங்காலில் ஓடி உரம் ஏறிய கால் அது. நான்கு வருசம் கழித்து 1964 இல் தோக்கியோவில் சப்பாத்தும் சொக்ஸும் போட்டு ஓடினார், 2 மணி 12 நிமிடத்தில் மறுபடியும் தங்கம். சப்பாத்தை வெறுத்த ஆள் அல்ல அவர், பொருந்தாத சப்பாத்தை மறுத்த ஆள்.

அதனால் சப்பாத்து வாங்கப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாப்பா கட்டாரில் இருந்து அளவைக் கேட்டு வாங்கி அனுப்புவது பாசம்தான். ஆனால் ஒரு கம்பனியின் எட்டும் இன்னொரு கம்பனியின் எட்டும் ஒன்றல்ல. அஸருக்குப் பிறகு போங்கள், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் அதே சொக்ஸைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி, எழுந்து நின்று பார்க்க வேண்டும். நம் இரண்டு காலும் ஒரே அளவு இல்லை, பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம். உள்ளே விரல்களை ஆட்ட முடிய வேண்டும். குதிக்கால் மேலே வழுக்கக் கூடாது. கடைக்கு வெளியே இருபது அடி ஓடிப் பார்க்க விடச் சொல்லுங்கள். விடாத கடையில் வாங்காதீர்கள்.

உம்மாமாருக்கு ஒன்று. “வளர்ற புள்ள, ரெண்டு அளவு கூட்டி எடுப்பம்” என்பது பெருநாள் உடுப்புக்குச் சரி. ஓடும் சப்பாத்துக்குச் சரிவராது. பெரிய சப்பாத்துக்குள் கால் முன்னும் பின்னும் ஓடும், குதிக்காலில் கொப்புளம், பெருவிரல் நகம் கறுத்து விழும்.

அந்த வாப்பாவோடும் மகனோடும் வெள்ளி பின்னேரம் கல்முனைக்குப் போனேன். நான்கு கடை ஏறி இறங்கினோம். பையனுக்குப் பாதத்தின் முன்பகுதி அகலம், நிறையச் சப்பாத்து பக்கவாட்டில் இறுக்கியது. கடைசியில் பொருந்தியது பத்தாயிரத்துக்குள் ஒரு உள்ளூர்ச் சப்பாத்து. நிறம் பையனுக்குப் பிடிக்கவில்லை. முகத்தை மூன்று தடவை சுழித்தான். வாப்பா “ஓடுறது நிறமா, காலா?” என்று கேட்டார், நானும் அவனும் சிரித்துவிட்டோம். தோடு உம்மாவின் காதிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

வாங்கினால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். சாதாரண ஓட்டச் சப்பாத்தின் மெத்தை 500 முதல் 800 கிலோமீற்றர் வரை உழைக்கும். கிழமைக்கு 25 கிலோமீற்றர் ஓடினால் இருபது முதல் முப்பத்திரண்டு கிழமை. பருவகாலம் முழுவதற்கும் தாராளம். ஆனால் அதையே போட்டுக்கொண்டு டியூசனுக்கும் கடைத்தெருவுக்கும் திரிந்தால் கணக்கு பிழைக்கும். ஓட மட்டும் போடட்டும். நனைந்தால் உள்ளே பழைய பத்திரிகையைத் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் போட்டால் பசை விட்டு அடி கழன்று வரும். கடல் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி விடுங்கள், உப்பும் மணலும் தையலைத் தின்னும். பழைய சந்தையில் கிலோக் கணக்கில் வரும் வெளிநாட்டுச் சப்பாத்து மேலே புதிதுபோல் இருந்தாலும், யாரோ ஓடி முடித்த மெத்தை உள்ளே செத்துப் போயிருக்கும். பெருவிரல் சோதனையை அதற்கும் செய்யுங்கள்.

சொக்ஸ் பற்றி இரண்டு வரி. பாடசாலைப் பருத்திச் சொக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், ஈரத்தில் உரசினால் கொப்புளம். நைலோன், பொலியெஸ்டர் கலந்த மெல்லியது இரண்டு சோடி போதும், தினமும் கழுவிக் காயப்போட.

டீசேர்ட்டுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். நம்மூரில் மெஸ்ஸியின் பெயர் போட்ட ஜேர்சி இல்லாத வீடு ஏதாவது உண்டா? இல்லாவிட்டால் நெய்மார் இருப்பார். அந்த பொலியெஸ்டர் ஜேர்சிதான் ஓடுவதற்கு வேண்டியது. கொஞ்ச நேரத்தில் காயும், பாரமாகாது. பருத்தி டீசேர்ட் வீட்டில் போட அருமை, ஆனால் நம் கரையோர ஊர்களின் புழுக்கத்தில் அரை மணி நேரம் ஓடினால் பிழிந்தெடுக்கலாம், அதோடு உரசி அக்குளில் புண்ணாக்கும். வாங்கத்தான் வேண்டும் என்றால், ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பு விற்கும் கடைகளில் தேடுங்கள். உலகம் முழுக்க ஓடுகிறவர்கள் போடும் விளையாட்டு உடுப்பில் ஒரு பங்கு நம் நாட்டில் தைக்கப்படுகிறது. சின்னத் தையல் பிழை இருந்தால் நமக்கென்ன?

கீழே, முழங்காலை மூடிய இலேசான காற்சட்டை. மானத்தைக் காக்கவும் செய்யும், ஓட்டத்துக்கும் குறைவில்லை. காலை நடைக்குச் சாறனோடு வரும் பெரியவர்களே, மருதமுனைச் சாறனை மிஞ்ச ஒன்றுமில்லை, நானும் வீட்டில் அதுதான். ஆனால் வேகமாக நடக்கும்போது அது தட்டும், விழுந்தால் இடுப்பெலும்புக்குச் சேதம். தொடை உரசுகிறவர்கள் ஓடுமுன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். இதற்கென்று விலை கூடிய பசை விற்கிறார்கள், எனக்கு எட்டு வருசமாகத் தேங்காய் எண்ணெய்தான்.

இனிப் பெண் பிள்ளைகள். இந்தப் பகுதியை எழுதச் சொன்னவர் என் மனைவி, அவரும் ஆசிரியைதான். “நீங்க பொடியன்மாருக்கு மட்டும் எழுதிட்டு நிப்பாட்டினா சரிவராது” என்றார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

ஆறாம் ஏழாம் தரத்தில் ஆண் பிள்ளைகளை முந்தி ஓடும் பிள்ளைகள் ஒன்பதாம் தரத்தில் மைதானத்துக்கே வருவதில்லை. மார்க்கம் தடுக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பல பிள்ளைகளுக்குக் காரணம் உடுப்பு. ஓடும்போது உடம்பு அசைவது கூச்சமாக இருக்கும், நோவும். அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள், “வயித்துவலி டீச்சர்” என்பார்கள். ஓட்டத்துக்கென்று இறுக்கமான உள்ளாடை, ஸ்போர்ட்ஸ் பிரா என்று கேட்டால் கடையில் தருவார்கள். உம்மாவோ ராத்தாவோ கூட்டிப் போய் வாங்கிக் கொடுங்கள். அசையாமல் பிடிக்க வேண்டும், ஆனால் ஆழமாக மூச்சு இழுக்க முடிய வேண்டும், தோள்பட்டி வெட்டக் கூடாது. பெண் பிள்ளைக்குச் சப்பாத்துக்கு அடுத்த செலவு இதுதான், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மேலே முழங்கால் வரை வரும் தளர்வான, பக்கத்தில் வெட்டு வைத்த நீளக்கை மேற்சட்டை. தையல் மெசின் உள்ள வீட்டில் ஒரு மணி நேர வேலை. கீழே அகலக் கால் பாவாடை மாதிரிக் காற்சட்டை வேண்டாம், காலுக்குள் சிக்கும். ஸ்காபுக்கு ஊசி குத்தவே கூடாது, விழுந்தால் கழுத்தில் ஏறும். தலையில் மாட்டிக்கொள்ளும் வகை, மெல்லிய இழுபடும் துணியில், நுனியைச் சட்டைக்குள் செருகிவிட்டால் முடிந்தது. பஹ்ரைனின் ருக்கையா அல் கஸ்றா தலையை மூடிய உடையோடு ஓடி 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றரில் தங்கம் வென்றார். பெரிய கம்பனிகள் ஓடுவதற்கான ஹிஜாபை விற்கத் தொடங்கியது அதற்கு எத்தனையோ வருசம் கழித்து.

மனைவி சொன்னது இவ்வளவு. நான் சேர்ப்பது ஒன்று: நிறம். சுபஹுக்குப் பிறகு வெளிச்சம் வருமுன் கறுப்பு உடுப்போடு வீதியோரம் நடக்கும் பெண்களை வாகனக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஆண்களுக்கும் இதேதான். வெள்ளையோ மஞ்சளோ போடுங்கள். வீதி வேலை செய்பவர்கள் போடும் மினுங்கும் பட்டி வைத்த அங்கி இரும்புக் கடைகளில் கிடைக்கும், அதை மேலே மாட்டுங்கள். வீதியின் வலப் பக்கமாக, வாகனம் எதிரே வருவது தெரியும்படி ஓடுங்கள். காதில் பாட்டுக் கேட்கும் கருவி வேண்டவே வேண்டாம். மணல் லொறி பின்னால் வருவது கேட்க வேண்டும்.

கடற்கரையில் ஓடுவது நல்லதுதானே என்று கேட்பார்கள். ஈரமணல் காலுக்கு இதம், ஆனால் கடற்பக்கம் சரிவு. ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், இடுப்பு நோகும். போன தூரம் அதே வழியில் திரும்பி வாருங்கள். வெறுங்காலோடு என்றால் சில நிமிடங்களில் தொடங்குங்கள், போத்தல் துண்டும் தூண்டிலும் கிடக்கும், கண் கீழே இருக்கட்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வருகிறேன். உங்களுக்கு வெறுங்கால் ஓட்டமும் நடையும் கூடவே கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது, தெரியும்போது புண் பெரிதாகியிருக்கும். உள்ளே தையல் தடிப்பில்லாத சொக்ஸ், விரல் நெரிக்காத சப்பாத்து. போடுமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுங்கள். வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடியிலோ பிள்ளையைக் கொண்டோ பாருங்கள். ஓடத் தொடங்குமுன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், மருந்து எடுக்கிறவர்களுக்கு ஓட்டத்தில் சீனி இறங்கிப் போகலாம். சட்டைப் பையில் இரண்டு டொபி இருக்கட்டும்.

மணிக்கூடு? கையில் கட்டும் சாதாரண இலக்க மணிக்கூடு போதும். தூரத்துக்கு நம் ஏ-4 வீதியில் கிலோமீற்றர் கல் இருக்கிறது. உள் வீதி என்றால் மோட்டார் சைக்கிளில் ஒரு தடவை ஓடி மீற்றரைப் பாருங்கள். முழங்கால் பட்டி, கால் உறை, புரதத் தூள், டப்பாவில் வரும் சக்திப் பானம் எதுவும் பிள்ளைக்கு வேண்டாம். தண்ணீர். மிகவும் வியர்த்த நாளில் ஒரு ஜீவனி, பக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில். இளநீர் கிடைத்தால் அதுவும் சரி.

சப்பாத்து வந்த சந்தோசத்தில் முதல் நாளே பத்துக் கிலோமீற்றர் ஓடாதீர்கள். முதல் நாள் இரண்டு, மூன்று கிலோமீற்றர். ஒரு கிழமைக்கு மேல் பழகிய பிறகுதான் நீள ஓட்டம். போட்டி நாளன்று புதிதாக எதையும் மாட்டக் கூடாது, சொக்ஸ் கூட. கிழமைத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். ஒரே கிழமையில் இரட்டிப்பாக்கினால் எந்த விலைச் சப்பாத்தும் எலும்பைக் காப்பாற்றாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வளரும் பிள்ளைகளுக்குச் சப்பாத்து தேயுமுன்னே கால் பெரிதாகிவிடும். அப்படி வீட்டில் சும்மா கிடக்கும் ஓட்டச் சப்பாத்து இருந்தால், பெருவிரலால் அழுத்திப் பார்த்து, மெத்தை உயிரோடு இருந்தால் கழுவிக் காயவைத்து அளவை ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்துப் பாடசாலைக்குத் தாருங்கள். விஞ்ஞானகூடத்துக்குப் பக்கத்தில் ஒரு இறாக்கை ஒதுக்கியிருக்கிறோம். இப்போது அதில் ஏழு சோடி இருக்கின்றன. 5, 6 ஆம் அளவுகளில் ஒன்றுமே இல்லை, கேட்டு நிற்பவர்கள் நான்கு பேர், அதில் மூன்று பேர் பெண் பிள்ளைகள். கொடுப்பவர் பெயரும் எடுப்பவர் பெயரும் எங்கும் எழுதப்படாது. ஞாயிறு தவிர எந்த நாளும் காலை ஏழு மணிக்கு முன் கேற்றடியில் என்னிடம் தரலாம்.